லினக்ஸில் சிடியில் உள்ள கோப்புகள் ஏன் ரூட் (நிர்வாகக் கணக்கு) பெயரிலேயே வருகின்றன? உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளை ஏன் மறுக்கிறது?

சௌன் மறுப்பது இயல்புதான். சிடியில் இருப்பது படிக்க மட்டுமேயான கோப்பு முறைமை. மவுண்ட் ஆன பிறகு, அதாவது சிடி ஓர் அடைவில் இணைக்கப்பட்ட பிறகு, ரூட்டே வந்தாலும் எதையும் மாற்ற முடியாது. உரிமையாளரை மவுண்ட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

சிடிகளின் அடிப்படை வடிவமான வெறும் ஐஎஸ்ஓ 9660-இல் யூனிக்ஸ் உரிமையாளர், அனுமதி என்று எதுவும் பதிவாவதில்லை. அதனால் லினக்ஸ் கெர்னல் தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது: உரிமையாளர் 0 (ரூட்டின் எண்), குழு 0, எல்லோருக்கும் படிக்கவும் இயக்கவும் அனுமதி. உங்கள் பெயரில் வேண்டுமென்றால், உங்கள் பயனர் எண்ணும் குழு எண்ணும் 1000 எனில், யுஐடி=1000 (uid), ஜிஐடி=1000 (gid) என்று மவுண்ட் விருப்பங்களில் கொடுங்கள். கோப்புகளின் அனுமதிக்கு மோட் (mode), அடைவுகளுக்கு டிமோட் (dmode). அனுமதி எண் எண்ம (8 அடிமான) முறையில் இருப்பதால் முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம்: 0400 என்பதற்குப் பதில் 400 என்று எழுதினால் அது பதின்மமாகி 0620 ஆகிவிடும். சிரிப்பாக இருக்கும், நமக்கு நடக்கும்வரை.

சிடியில் ராக் ரிட்ஜ் நீட்டிப்பு இருந்தால் கதை வேறு. எழுதியபோது இருந்த உரிமையும் அனுமதியும் அதிலேயே இருக்கும். யுஐடி அதை மீறும், மோட் மட்டும் மீறாது. அதற்கு ஓவர்ரைடுராக்பெர்ம் (overriderockperm) என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். என் பழைய பேக்கப் டிஸ்க் ஒன்றில் எல்லாம் 0600; புதுக் கணினியில் என் எண் வேறு, ஒரு கோப்பும் திறக்கவில்லை. யுஐடி கொடுத்ததும் திறந்தது.

ரீமவுண்ட் பலிக்காது, அன்மவுண்ட் செய்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள். அடிக்கடி தேவையென்றால் மவுண்ட் விவரங்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பின் வரியிலேயே எழுதிவிடலாம்.