சாம் மணல்மேட்டில் ஜீப் சவாரி: அம்மாவை ஏற்றலாமா?

கேள்வி: டிசம்பரில் ஐந்து பேராக ஜெய்சால்மர் போகிறோம். சாம் மணல்மேட்டுப் பக்கம் கூடாரத்தில் ஓர் இரவு, கூடவே ஜீப் சஃபாரி என்று சொல்லி ஏஜென்ட் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். அம்மாவுக்கு 66 வயது, முதுகெலும்புத் தேய்மானம் உண்டு. ஏற்றலாமா?

பதில்: மணல்மேட்டு ஜீப்பில் அம்மாவை ஏற்றாதீர்கள். "மெதுவா ஓட்டறேன் மாதாஜி" என்று டிரைவர் சொல்வார். ஆனால் மெதுவாகப் போனால் வண்டி மேடேறாது. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் பொத்தென்று இறங்கும்போது, உட்கார்ந்திருப்பவரின் பாரம் முழுக்க முதுகெலும்பில் போய் இடிக்கும். தேய்ந்த எலும்பு அதில் நசுங்குவது உண்டு. ஒட்டகமும் வேண்டாம். அது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், மேலே இருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். ஒட்டக வண்டி கிடைக்கும், அது போதும். ஆளில்லாமல் கிடக்கும் பழைய கிராமமான குல்தரா வரை தார்ச்சாலையில் காரின் முன்சீட்டில் போய்வரலாம்.

மற்ற நால்வரும் தாராளமாகப் போங்கள். முழுப் பணத்தை மட்டும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். 'சஃபாரி உட்பட' என்று ரசீதில் இருக்கும். அங்கே போனால், கூடார வாசலிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கும் இடம் வரை கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் அந்தச் சஃபாரி. மேடேற வேண்டுமானால் தனிக் காசு. எத்தனை நிமிடம், ஒரு ஜீப்பில் எத்தனை பேர், மேடேறுமா, வண்டி நம்பர் என்ன என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். முதல் மூன்றுக்கும் உடனே பதில் வரும். நாலாவதற்கு, "அங்கே வந்து பாத்துக்கலாம் சார்."

அந்த நாலாவதுதான் முக்கியம். மஞ்சள் நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதில் காசு வாங்கி ஆளேற்றுவது பாலிசி நிபந்தனையை மீறுவது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கத்தான் பார்க்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் வாடகை வண்டிதான், ஆனால் வாடகைக்கு எடுப்பவர் தானே ஓட்டுவதற்கானது. அதைக் காட்டி, "இதுவும் டாக்ஸிதான் சார்" என்பார்கள். பாதி உண்மை. டிரைவரோடு அந்த வண்டி வந்து நின்றால் ஏறாதீர்கள். கறுப்பில் மஞ்சளா, மஞ்சளில் கறுப்பா என்று நின்று பாருங்கள். அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

கூரையைக் கழற்றி, பின்னால் கம்பி பற்றவைத்து, ஆட்களை நிற்கவைத்து ஓட்டும் ஜீப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லி என்ன பயன்? அந்த வண்டிகள் பட்டப்பகலில் வரிசைகட்டி நிற்கின்றன. பயணிகளை மொய்க்கும் தரகர்களை அங்கே 'லப்கா' என்பார்கள். அவர்களை அடக்க ராஜஸ்தானில் 2010-இல் சட்டம் வந்தது, 2021-இல் திருத்தி இறுக்கினார்கள். ரயில் நின்றதும் உங்கள் பெட்டியை முதலில் தொடுபவர் இன்னும் அவர்தான்.

ஏறுமுன் டயரைப் பாருங்கள். மணலுக்குப் போகிறவர் காற்றைக் கொஞ்சம் இறக்கியிருப்பார், டயர் தரையில் பரந்து உட்கார்ந்திருக்கும். கல்லாட்டம் விறைத்திருந்தால் நடுவழியில் புதையும், தள்ளப்போவது நீங்கள்தான். பொழுது சாய்ந்ததும் திறந்த ஜீப்பில் குளிர்காற்று காதை அறுக்கும். மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிப் பணத்தை ஜீப்பிலிருந்து இறங்கிய பிறகு கொடுங்கள்.