கட்சி மாறினாலும் மாறாதது எது? செட்டிநாட்டை வைத்து ஒரு பதில்

கேள்வி: ஒரு சமூகம் எதைப் பெரிதாக மதிக்கிறது என்பதை அரசியல் கொள்கை, அடையாளம், இலக்கியம் இவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? செட்டிநாட்டை வைத்துச் சொல்லுங்கள்.

முடியும். ஆனால் ஒரு தரப்பின் எழுத்தை மட்டும் படித்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். எதிரும் புதிருமான இரண்டு தரப்பை, ஒரே பத்தாண்டிலிருந்து எடுங்கள். எதில் மோதுகிறார்களோ அது கொள்கை. மோதாமலே எதை ஒப்புக்கொள்கிறார்களோ, அங்கேதான் நீங்கள் தேடுவது இருக்கிறது.

காங்கிரஸ்காரரான சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கித் திருநாள் நடத்துகிறார். 1943இல் அண்ணா, கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று சென்னையிலும் சேலத்திலும் மேடையேறி வாதாடுகிறார். இதோடு நிறுத்தினால் 'பக்தியா பகுத்தறிவா' என்று தலைப்புப் போட்டு முடித்துவிடலாம்; பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். வாதத்துக்குள் போய்ப் பாருங்கள். கம்பனுக்குக் கவித்திறம் இல்லை என்பதல்ல அண்ணாவின் புகார். அந்தத் திறத்தை ஆரியக் கதைக்குச் செலவழித்துவிட்டாரே என்பதுதான். அதே 1943இல் செட்டிநாட்டு ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைகிறது. ராஜாஜியும் ஆதரிக்கிறார், பெரியாரும் ஆதரிக்கிறார்! தமிழ் என்று வந்தால் அங்கே சண்டை இல்லை.

இது கல்லிலேயே நிற்கிறது. காரைக்குடி கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் உண்டு. 1975இல் அடிக்கல் நாட்டியவர் கருணாநிதி, திறந்தது 1993இல். கம்பன் அன்பர்கள் நினைத்த கோயிலுக்குப் பகுத்தறிவு இயக்கத்து முதல்வர் கல் நாட்டினார்.

அடையாளத்துக்கு நீண்ட கட்டுரைகளைவிடப் பெயர்ப்பலகை நன்றாகப் பேசும். 1920இல் காரைக்குடியில் தொடங்கிய வார இதழின் பெயர் 'தன வைசிய ஊழியன்'. தன வைசியர் என்பது செட்டிநாட்டு வணிகச் சாதியான நகரத்தாரின் இன்னொரு பெயர். பிறகு முன்னொட்டு உதிர்ந்து வெறும் 'ஊழியன்' ஆனது. சாதிக்கு ஊழியம் என்று தொடங்கியது, ஊருக்கு ஊழியம் என்று விரிந்த கதை அந்த ஒட்டு உதிர்ந்ததில் இருக்கிறது.

ஆனால் பத்திரிகை மாறிய வேகத்தில் வீடு மாறாது. நகரத்தார் கோயில் கணக்கில் மணமான தம்பதிதான் ஒரு 'புள்ளி'. கோயில் வரி விழுவதும் அந்தப் புள்ளிக்குத்தான். சுயமரியாதை பேசிய காலத்திலும் நகரத்தாரைக் குலம் குலமாகப் பிரிக்கும் ஒன்பது கோயில் பிரிவும், ஒரே கோயில் பிரிவுக்குள் பெண் எடுப்பதில்லை என்ற வழக்கமும் அப்படியே இருந்தன. மேடையில் பேசியதை மட்டும் படித்தவருக்கு இது கண்ணில் படாது.

இன்னொரு சறுக்கல், செட்டிநாடு என்றாலே நகரத்தார் என்று எடுத்துக்கொள்வது. பேரேடும் பத்திரிகையும் வைத்திருந்தவர்கள் அவர்கள், அவ்வளவுதான். வீட்டைக் கட்டிய கொத்தனார், வயலில் இறங்கியவர் எழுத்து வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு வாய்மொழிப் பாட்டையும் பழமொழியையும்தான் தேட வேண்டும்.

எங்கே தொடங்குவது? கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்தவை இப்போது சென்னைத் தரமணியில் அவர் பெயரிலான நூலகத்தில் உள்ளன. நாவல்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் பழைய கல்யாண அழைப்பிதழ்களைக் கேட்டு வாங்கி, விலாச எழுத்து (குடும்பத்தைக் குறிக்கப் பெயருக்கு முன் போடும் எழுத்துகள்), தலைப்பில் சாமியா திருக்குறளா, மணமகள் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது, இம்மூன்றையும் ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள்.