பத்தா, பன்னிரண்டா? கிட்டார் கம்பி: வாசகர் கேள்வி – பதில்

கிட்டார் கம்பியின் கனம் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். திருத்தணியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் குமரி மேற்கிலிருந்து வந்தவைதான் அதிகம். ஆலயப் பாடகர் குழுக்கள் நிறைந்த ஊர்கள், வேறெப்படி இருக்கும்!

பாறசாலையில் ஒரு கடைக்குக் கம்பி வாங்கப் போனேன். "டென் வேணுமா, டுவல்வ் வேணுமா மோனே?" என்று சேட்டன் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். அந்த எண் எதைக் குறிக்கிறது?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

முதல் கம்பியின், அதாவது இருப்பதிலேயே மெல்லிய கம்பியின் விட்டத்தை. அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. பன்னிரண்டு என்றால் 0.012 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.30 மி.மீ. கடையில் கிடைக்கும் செட்டுகள் பெரும்பாலும் நான்கு வகை: 10–47, 11–52, 12–53, 13–56. இரண்டாவது எண் ஆறாம் கம்பியின் கனம். எக்ஸ்ட்ரா லைட், கஸ்டம் லைட், லைட், மீடியம் என்று உறையில் இருக்கும் பெயர்களை நம்பி வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அவை மாறும், தவிர 'லைட்' என்று பெயர் பெற்ற 12 செட் பிஞ்சு விரலுக்கு லைட்டே அல்ல. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். இழுவிசை கனத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அதுதான் விஷயம். நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் கம்பிகள் தங்கும் பள்ளக்கட்டை) சேடில் (உடலின் மேல் கம்பிகள் தங்கும் சின்னச் சட்டம்) வரை 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில், முதல் கம்பியை வழக்கமான 'ஈ' ஸ்ருதிக்கு ஏற்றினால் 10-க்கு 7.3 கிலோ, 11-க்கு 8.9, 12-க்கு 10.6, 13-க்கு 12.4 கிலோ விசை விழும். ஆறு கம்பியும் சேர்ந்தால் 10 செட் சுமார் 60 கிலோ, 12 செட் சுமார் 73, 13 செட் 84 கிலோவை ஒட்டி. இவ்வளவையும் தாங்குவது இரண்டரை, மூன்று மி.மீ. தடிமனுள்ள மேல்பலகை. அதனால் விரலைக் கேட்பதற்கு முன்னால் கிட்டாரைக் கேட்க வேண்டும்.

உங்கள் கிட்டார் புதியது, நடுத்தர விலை, கழுத்துக்குள் டிரஸ் ராட் (வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) இருக்கிறது என்றால் 12 அல்லது 11. ஓங்கி ஸ்ட்ரம் பண்ணுகிறவர் 12 போடட்டும். 10-ஐ அப்படி அடித்தால் அடிக்கிற அடியிலேயே ஸ்ருதி மேலே ஏறி இறங்கும். விரலால் மீட்டுகிறவருக்கு 11 சுகம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 10–46 என்று இருந்தால் அது எலெக்ட்ரிக் கிட்டார் செட். அதில் மூன்றாம் கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பியாக இருக்கும், கனமான மற்ற மூன்றும் நிக்கல் பூசிய சுற்று. அக்கூஸ்டிக்கில் போட்டால் மூன்றாம் கம்பி மட்டும் கத்தும், கீழ்க் கம்பிகள் மங்கிக் கேட்கும்.

மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு மாதமாகக் கிட்டார் படிக்கிறாள். விரல் நுனி சிவந்து, அழுதுகொண்டே வாசிக்கிறாள். கம்பியை மெல்லியதாக மாற்றச் சொல்கிறார் மாஸ்டர். மாற்றினால் போதுமா? சத்தம் குறைந்துவிடாதா?
– ஒரு தாயார், மார்த்தாண்டம்

மாஸ்டர் சொன்னது தப்பில்லை. ஆனால் கம்பியை மாற்றுவதற்கு முன் கம்பியின் உயரத்தை அளந்துவிடுங்கள். தொடக்கத்தில் வருகிற விரல் வலிக்குப் பெரும்பாலும் உயரம்தான் காரணம். விலை குறைந்த கிட்டார்கள் தொழிற்சாலையிலிருந்து உயரமாகவே வருகின்றன.

அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். கிட்டாரை ஸ்ருதி கூட்டி, 12-ஆம் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தலையிலிருந்து கம்பியின் அடி வரை அளந்து பாருங்கள். ஆறாம் கம்பிக்கு 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 முதல் 2 மி.மீ. இருந்தால் சரி. 4 மி.மீ. இருந்தால் எந்தக் கம்பி போட்டாலும் பிள்ளை அழத்தான் செய்வாள்.

அடுத்து நட். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி வாசிக்கச் சொல்லுங்கள். திடீரென்று எளிதாகிவிட்டது என்றால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தலைமயிர் நுழைகிற அளவு போதும். எஃப் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பிடி) வரவில்லை என்று கிட்டாரையே மூலையில் வைத்துவிடுகிறவர்கள் அநேகர் இந்த நட்டால்தான் தோற்கிறார்கள்.

சேடிலை இறக்குவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கம்பிகளைத் தளர்த்தி, சேடிலை உருவி, அடிப்பக்கத்தை மட்டும் சமமான கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். 12-ஆம் ஃபிரெட்டில் அரை மி.மீ. குறைய, சேடிலில் ஒரு மி.மீ. போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திச் சோதியுங்கள். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது. நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்த அதற்கென்று மெல்லிய அரம் வேண்டும், அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் 11 செட் போடுங்கள். சத்தம் 12-ஐவிடச் சற்றுக் குறையும், வீட்டில் படிக்க அது ஒரு குறையே இல்லை. 10-க்கு இறங்கினால் கழுத்தின் மேல் இழுப்பு குறைந்து அது பின்னால் சாயக்கூடும், அப்போது முதல் இரண்டு மூன்று ஃபிரெட்டில் கம்பி கரகரக்கும்.

மகள் வைத்திருப்பது முக்கால் அளவுக் கிட்டாராக இருந்தால் கணக்கே வேறு. சின்னக் கிட்டாருக்குச் சின்னக் கம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். நீளம் குறைந்தால் அதே ஸ்ருதிக்கு இழுவிசையும் குறையும். 23 அங்குல நீளத்தில் சுமார் 19 சதவீதம் குறைந்துவிடும். அதில் 12 போட்டால், கைக்குப் பெரிய கிட்டாரின் 11 போலத்தான் இருக்கும். 10 போட்டால் தொளதொள என்று ஆடும். பரவலாகக் கிடைக்கிற யமஹா எஃப் 310-கூட 634 மி.மீ. நீளம்தான், வழக்கமான 648-ஐவிடக் கொஞ்சம் இளக்கம்.

கடற்கரையை ஒட்டி வீடு. மூன்று வாரத்தில் மேல் இரண்டு கம்பியும் துருப்பிடிக்கின்றன, மற்றவை கறுத்துவிடுகின்றன. கனமான கம்பி போட்டால் தாங்குமா?
– வாசகர், குளச்சல்

தாங்காது. துருவுக்குக் கனம் தெரியாது. முதல் இரண்டும் தகரப் பூச்சுள்ள வெறும் இரும்புக் கம்பி. பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் வேலை முடிந்தது. மற்ற நான்கும் இரும்பின் மேல் வெண்கலச் சுற்று. அதிலும் இரண்டு வகை உண்டு. 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். வெண்கலம் என்று பெயர், உண்மையில் பித்தளை. புதிதில் கணீரென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்போடு சுமார் 8 பங்கு வெள்ளீயம் (ஈயம் அல்ல) சேர்ந்தது. அதன் ஒலி கொஞ்சம் ஆழம், ஆயுளும் கூட. உங்கள் ஊருக்கு இரண்டாவது வகை, அதிலும் பூச்சுள்ளது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசிய கம்பியை 1997-இல் எலிக்ஸர் கொண்டுவந்தது. இப்போது டி'அடாரியோ முதலான மற்றவர்களும் செய்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு செட் வாங்குகிறவருக்கு அதுவே லாபம். கனத்தை மாற்ற வேண்டாம், இப்போது போட்டிருப்பதே இருக்கட்டும்.

வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் கம்பியைத் துடையுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு கிட்டாரைத் தொட்டால் எண்ணெய் சுற்றுகளுக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் தையல் மெஷின் எண்ணெயும் கூடாது. துரு வராதுதான், நாதமும் வராது.

சிலர் ஆனி, ஆடியில் கம்பி திடீரென்று கடினமாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஈரத்தில் மேல்பலகை ஊதி மேலெழும், கம்பியின் உயரம் கூடும். கிட்டாரைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பெரும்பாலும் சரியாகும். பொள்ளாச்சி, வாளையாறு பக்கத்தில் மாசி, பங்குனியில் இதற்கு நேர்மாறு: பலகை சுருங்கி, கம்பி தாழ்ந்து கரகரக்கும். இரண்டு இடத்திலும் உடனே டிரஸ் ராடைத் திருகாதீர்கள்.

எங்கள் பாடகர் குழுவில் பெண் குரல்களுக்காகக் கிட்டாரை ஒரு முழுக் கட்டை இறக்கியே வைத்திருக்கிறோம். 12 செட் போட்டும் கம்பி தளர்ந்து ஃபிரெட்டில் அடிக்கிறது. என்ன செய்ய?
– ஆலயப் பாடகர் குழு, கொல்லங்கோடு

அரைக்கட்டை இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், முழுக் கட்டைக்கு 21 சதவீதம். அதாவது உங்கள் முதல் கம்பியில் 10.6 கிலோவுக்குப் பதில் 8.4 கிலோதான் இருக்கிறது, 11 செட்டைவிடவும் குறைவு. எப்போதுமே இறக்கித்தான் வாசிப்பீர்கள் என்றால் 13–56 போடுங்கள். இறக்கிய நிலையில் முதல் கம்பி 9.8 கிலோ வரும், 12-ஐ நெருங்கிவிடும். ஆனால் யாராவது விருந்தாளி வந்து அதை வழக்கமான ஸ்ருதிக்கு ஏற்றினால் 84 கிலோ இழுப்பு விழும். 'இறக்கிய ஸ்ருதி மட்டும்' என்று தலைப்பகுதியின் பின்னால் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். வழக்கமான ஸ்ருதி தேவைப்படும் பாட்டுக்கு இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போதும்.

நைலான் கம்பிக் கிட்டாரில் இரும்புக் கம்பி போட்டால் சத்தம் கூடுமே, போடலாமா?
– வாசகர், திருத்தணி

கூடாது. நைலான் செட்டின் மொத்த இழுப்பு 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே ஒட்டியுள்ள சட்டங்கள் அதற்கென்று மெல்லியதாகச் செய்யப்பட்டவை. 10 செட்கூட அதன் ஒன்றரை மடங்கு. கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மேல்பலகையிலிருந்து பெயர்ந்து வரும்.

பழைய கிட்டார், 12 செட். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் உள்ளே போகிறது. போல்ட் போட்டு முறுக்கச் சொல்கிறார் தச்சர்.
– வாசகர், செங்கோட்டை

இன்றே கம்பிகளைத் தளர்த்துங்கள். தாள் போகிறது என்றால் பசை விட்டுவிட்டது, இழுப்பு தொடர்ந்தால் பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். போல்ட் வேண்டாம். பசைவிட்ட பிரிட்ஜைத் துளையிட்டு இறுக்கினால் பலகை அந்த இடத்தில் பிளக்கும். எம்-சீல், சூப்பர் குளூ இரண்டும் வேண்டாம், பின்னால் சரியாக ஒட்ட வருகிறவருக்கு அதைச் சுரண்டுவதே பெரும்பாடு. பிரிட்ஜை முழுக்க எடுத்து, பழைய பசையைச் சுத்தமாக நீக்கி, மரப்பசையில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். கிட்டார் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

ஒட்டியபின் 12 போடாதீர்கள். ஒலித்துளைக்குள் கழுத்தின் அடியிலோ, தலைப்பகுதி மூடிக்குக் கீழேயோ ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழைகிற துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரஸ் ராட் இல்லை, 10 செட்தான். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வைப்பதையும் விடுங்கள், பசை இளகுவது அங்கேதான்.

பத்திலிருந்து பன்னிரண்டுக்கு மாறினேன். ஸ்ருதி கூட்டும் கீயைத் திருகும்போது நட்டில் 'டிக்' என்று சத்தம், ஸ்ருதி தாவுகிறது. கம்பி முனையைத் துளையில் பிடிக்கும் பிரிட்ஜ் பின் ஒன்றும் எழும்பி வருகிறது.
– வாசகர், கம்பம்

47-க்கு வெட்டிய பள்ளத்தில் 53 சிக்கிக்கொண்டிருக்கிறது. கூர்மையான பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் 'டிக்' நிற்கவில்லை என்றால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது, அரம் பிடிக்கிறவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பின் எழும்புவதற்குக் காரணம் கனம் அல்ல. கம்பி முனையில் உள்ள குண்டு, பின்னின் நுனிக்குக் கீழே நிற்கிறது. குண்டின் பக்கத்தில் கம்பியைச் சற்று வளைத்து உள்ளே விட்டு, பின்னை மெதுவாக வைத்து, கம்பியை மேலே இழுங்கள். குண்டு உள்ளே பலகையில் போய் மாட்டும். பிறகு பின்னை அழுத்துங்கள்.

இழுப்பு பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது, ஆகவே இரண்டு நாள் விட்டுக் கழுத்தைச் சோதியுங்கள். ஆறாம் கம்பியை 1-லும் 14-லும் அழுத்தி, நடுவில் 7-ஆம் ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை நல்லது. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்று, கடிகாரத் திசையில். திரும்ப ஸ்ருதி கூட்டி அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. கெட்டியாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள்.

முதல் கம்பி மட்டும் அடிக்கடி அறுகிறது. ஒற்றைக் கம்பி வாங்கிப் போடலாமா?
– வாசகி, குலசேகரம்

முதல், இரண்டாம் கம்பிகளுக்குத் தாராளமாக, அதே எண்ணில். சுற்றுக்கம்பி அறுந்தால் முழு செட்டும் மாற்றுங்கள், பழையவற்றின் நடுவே புதியது தனியாக ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுகிறதா என்று துண்டை எடுத்துப் பாருங்கள். சேடில் பக்கம் என்றால் அங்கே கூர்விளிம்பு இருக்கிறது, 600 எண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும். கீயின் அருகே என்றால் கம்பித்துளையின் விளிம்பு வெட்டுகிறது. அடுத்த முறை கம்பியைத் திருகாமல் துளைக்குள் விட்டு, நான்கைந்து சுற்று கீழ்நோக்கி வரும்படி சுற்றுங்கள்.