எரிந்த நெகட்டிவும் இலவச ஸ்டில்லும்

கேள்வி: சத்யஜித் ரேயின் ஸ்டில்கள், திரைக்கதைகள், பேட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் இணையதளம் எது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அப்படி ஒன்று இல்லை. அவர் விட்டுப்போனதே ஒரு இடத்தில் இல்லையே. கொல்கத்தாவில் ரே சொசைட்டி, சான்டா குரூஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குள் அவர் பெயரில் ஒரு மையம், லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்கர் அகாடமியின் படக் காப்பகம் என்று சிதறிக் கிடக்கிறது. தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்கு அவர் வரைந்த காட்சிப் படங்கள் பாரிஸில் சினிமாதெக் என்ற படக் காப்பகத்துக்குப் போய்விட்டன. பொறுமை இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடலாம்.

ஆனால் 'இலவசமாக' என்று கேட்டீர்கள் பாருங்கள், நான் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். 1992-ல் ரேவுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, விழாவில் போட்டுக் காட்ட அவர் படங்களின் நல்ல பிரதி கிடைக்காமல் திண்டாடினார்கள். சரி, ஒழுங்காகப் பாதுகாப்போம் என்று வேலையைத் தொடங்கி மூல நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பினால், 1993-ல் அங்கே ஹெண்டர்சன் லேபில் தீ. அபு என்ற பையனின் கதையைச் சொல்லும் 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றின் நெகட்டிவும் அதில் சிக்கின. உருகி, சுருங்கி, தொட்டால் நொறுங்கும் நிலையில் மிஞ்சியதை அகாடமி வாங்கிப் பெட்டியில் வைத்தது. அப்போது அதை எந்த மெஷினிலும் ஓட்ட முடியாது, யாராவது குப்பையில் கொட்டியிருந்தாலும் கேள்வி கேட்க ஆளில்லை. இருபது வருஷம் கழித்து இத்தாலியில் பொலோனா நகரத்து லேப் ஒன்றில் அந்தச் சுருள்களை கரைசலில் ஊறவைத்து இளக்கி, ஓரத்துத் துளைகளைக் கையால் திரும்ப உண்டாக்கினார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேல் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டது. 'அபுர் சன்சார்' நெகட்டிவில் மீட்க ஒன்றும் இல்லை, வேறு பிரதிகளை வைத்துத்தான் செய்தார்கள். 2015-ல் வந்த 4கே பிரதி இதுதான். இதற்கு யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், யாரோ இருபது வருஷம் அந்தப் பெட்டிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் உங்களிடம் காசு கேட்கும் காப்பகத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதே இல்லை.

என் கோபமெல்லாம் அந்த ஸ்டில் திருடர்கள் மேல்தான். இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். எங்கிருந்தோ ஒரு படத்தைச் சுட்டு, ஓரத்தில் இருந்த போட்டோகிராபர் பெயரை வெட்டிவிட்டு, 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவின் அக்கா துர்காவின் முகத்துக்குக் குறுக்கே தங்கள் தளத்தின் பெயரை அச்சடிப்பார்கள். எந்தப் படம், எந்த வருஷம், எடுத்தது யார், ஒன்றும் இருக்காது. ரேயின் 'கூபி காயின்' படக் காலத்திலிருந்து நிமாய் கோஷ் என்ற மனிதர் இருபத்தைந்து வருஷம் கேமராவோடு ரே பின்னாலேயே சுற்றினார். அவர் எடுத்த படத்தைப் போடுகிறவர்களுக்கு அவர் பெயரை ஒரு வரி டைப் அடிக்க வலிக்கிறது. "யூடியூப்ல எல்லாம் இருக்கு சார், காப்பகம் எதுக்கு?" என்று போன மாதம்கூட ஒருவர் எழுதியிருந்தார். யூடியூபில் இருப்பது யாரோ காப்பாற்றி வைத்ததன் மூன்றாம் நகல், ஐயா. ஏற்றியவர் நாளைக்கு அழித்தால் அதுவும் போச்சு.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டில் இல்லை, ரேயின் கேரோர் காத்தா. நம் ஊர் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி சிவப்புத் துணி அட்டை போட்டது. படத்துக்குப் படம் அதில்தான் எழுதினார். வங்காளத்தில் வசனம், பக்கத்திலேயே பேனாவால் ஷாட்டுகள், இன்னொரு பக்கம் புடவை, சட்டை, தொப்பி, அப்புறம் இசைக் குறிப்பு. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அடித்து அடித்துத் திருத்தியிருப்பார். சினிமா படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேட்டிகளைப் படிப்பதைவிட அந்த அடித்தலை உட்கார்ந்து பார்க்கலாம்.

தமிழில் இப்படி ஒரு நோட்டையாவது காட்டுங்கள் என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை ஆளாகத் தகவலும் ஸ்டில்லும் சேர்த்திருக்காவிட்டால் நம் பழைய படங்கள் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுப் பரணில் சினிமா பாட்டுப் புத்தகமோ பிலிம் சொசைட்டி நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும்.