'செகண்ட்' ஏன் இரண்டாவது?

கேள்வி: நொடியைக் குறிக்கும் 'செகண்ட்' என்ற சொல்லுக்கு 'இரண்டாவது' என்றும் பொருள் இருக்கிறதே. தற்செயலா?

பதில்: இல்லை, இரண்டும் ஒரே சொல்தான். மணியை அறுபதாகப் பகுத்தால் கிடைப்பதை லத்தீனில் 'முதல் சிறு பகுதி' என்றார்கள். அதை மறுபடியும் அறுபதாகப் பகுத்தால் 'இரண்டாம் சிறு பகுதி'. முதல் தொடரில் 'சிறு' என்பதற்கான 'மினுட்டா' மட்டும் தங்கி 'மினிட்' ஆனது. அடுத்ததில் 'இரண்டாம்' என்பதற்கான 'செகுண்டா' தங்கி 'செகண்ட்' ஆனது. ஏன் அறுபது என்றால், அது பாபிலோனியர் விட்டுச்சென்ற கணக்கு.

கேள்வி: அப்படியானால் மூன்றாவதும் இருந்திருக்க வேண்டுமே?

பதில்: இருந்தது! நொடியில் அறுபதில் ஒரு பங்கு. ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1267இல் முழுநிலவு நேரங்களை நான்காவது வரை கணக்கிட்டு எழுதினார். அவர் காலத்துக் கடிகாரங்களில் நிமிட முள்ளே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: நண்பகலைக் குறிக்கும் 'நூன்' என்றால் ஒன்பது என்கிறார்களே?

பதில்: ஆம். லத்தீன் 'நோனா', ஒன்பதாம் மணி. ரோமானியர் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். ஆகவே அது பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். அந்த வேளைக் கிறிஸ்தவத் தொழுகை மெல்ல முன்னால் நகர, பெயரும் கூடவே நகர்ந்து 14ஆம் நூற்றாண்டுக்குள் பன்னிரண்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: 'டெட்லைன்' என்பதில் சாவு எங்கிருந்து வந்தது?

பதில்: நிஜமாகவே சாவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உட்புறமாக ஒரு வேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்தக் கோட்டின் பெயர்தான் இது. 'கெடு' என்ற பொருள் பின்னாளில் பத்திரிகை அலுவலகங்களில் வேரூன்றியது. கெடுவுக்குள் எழுதித் தர வேண்டியிருந்தவர்களுக்குப் பெயர் பொருத்தமாகப் பட்டிருக்கும்.

கேள்வி: 'சூன்' வருகிறேன் என்பவர்கள் வருவதே இல்லை. அதன் பொருள்தான் என்ன?

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'உடனே'! 'அனான்', 'பிரசன்ட்லி' ஆகியவற்றுக்கும் முன்பு அதே பொருள்தான். மூன்றுமே 'சற்று நேரத்தில்' என்று தளர்ந்துபோயின. சொல்லிவிட்டு வராதவர்களின் கைவரிசை. நம் 'இதோ வந்துவிட்டேன்' மட்டும் ஒழுங்கா?

கேள்வி: 'டைம் அண்ட் டைட்' யாருக்கும் காத்திராது என்பதில் 'டைட்' கடல் அலையா?

பதில்: பழைய பொருள் 'காலம்'. கடலின் ஏற்றவற்றம் பிறகு வந்தது. கிறிஸ்துமஸ் பருவத்துக்கான 'யூல்டைட்' என்ற சொல்லில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.