கேட்டதும் சொன்னதும்: ஜன்னலுக்கு வெளியே ஒரு கதவு

கேள்வி: மேற்கு பார்த்த ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் சாய்பலகை வைத்த மரக்கதவுகள் போட்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் கீழ்ப்பகுதி மட்டும் இற்றுப்போய்விட்டது. மேலே கல் மாதிரி இருக்கிறது. இனி மரமே வேண்டாம், பி.வி.சி. போடலாம் என்கிறான் மகன். தச்சர் அலுமினியம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: "மேலே கல் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கேளுங்கள். மரம்தான் மட்டம் என்றால் மேலேயும் போயிருக்க வேண்டுமே?

பக்கச் சட்டத்தை நெடுக்குவாக்கில் அறுக்கிறோம். மரம் உயிரோடு நின்றபோது தண்ணீரை மேலே ஏற்றிய நுண்குழல்கள், சட்டத்தின் அடிமுனையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மழைநீர் வழிந்து வந்து தங்குவதும் அங்கேதான். பெயின்டர் முன்பக்கம் அடிப்பார், பின்பக்கம் அடிப்பார். கதவைக் கழற்றி அடிமுனைக்கு யார் அடிக்கிறார்கள்? இழைப்புளி பிடித்துப் பழகிய நானே அடிக்கவில்லை. என் வீட்டு ஜன்னலில் ஒருநாள் கீழ்ச்சட்டத்தை அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது.

அதனால் கதவை எறியாதீர்கள். நல்ல தச்சராக இருந்தால் கீழ்ச்சட்டத்தைக் கழற்றி மாற்றுவார்; பக்கச் சட்டத்தின் நுனி போயிருந்தால் அதை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவார். வைரம் பாய்ந்த தேக்காகக் கேளுங்கள். தேக்கு என்ற பேருக்கு ஓரத்து வெள்ளைப் பகுதியைத் தள்ளிவிடுவார்கள், அது எந்த மரத்திலும் சீக்கிரம் உளுக்கும். அடிமுனை குடிக்கிற மட்டும் பிரைமர் கொடுத்து, அப்புறம் பெயின்ட். கதவுக்கும் கீழ்த்திண்டுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி விடுங்கள்.

மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பி.வி.சி. உளுக்காது, கரையான் தொடாது. ஆனால் உங்களுடையது மேற்கு ஜன்னல். சுமார் 80 டிகிரி செல்சியஸ் வந்தால் சாதாரண பி.வி.சி. இளகத் தொடங்கும்; அடர் பச்சை, கறுப்பு போன்ற நிறங்கள் வெயிலை இழுத்து வைத்துக்கொண்டு அதற்கு முன்பே வளைந்து கொடுக்கும். 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் நீளத்தில் 2 மில்லிமீட்டர் போல நீளும். திருகுத் துளையை நீள்வட்டமாகப் போடாவிட்டால் நடுவில் புடைக்கும். அதோடு, உள்ளே வெற்றிடமாக வார்க்கிற மெலிந்த ரகம் சுவரில் அலங்காரமாக அறைந்து வைக்கத்தான் லாயக்கு. கீலில் மாட்டித் தினமும் திறந்து மூடினால் தொங்கிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் வெளிர் நிறம் போடுங்கள்.

அலுமினியம் அதே அளவு சூட்டில் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. பவுடர் கோட்டிங் நன்றாக இருந்தால் வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம். பந்து பட்டால் நசுங்கும், நசுங்கினது நசுங்கினதுதான். சில வருடத்துக்கொரு முறை தூரிகை எடுக்கிற பொறுமை இருந்தால் மரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தச்சர் பேச்சைக் கேளுங்கள். தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் பாவம்.

கேள்வி: கடலை ஒட்டிய வீடு. அலுமினிய ஜன்னல் கதவில் கீலைச் சுற்றி மட்டும் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி வருகிறது. மட்டமான அலுமினியமா?

பதில்: கீல் பித்தளையா? அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி நிற்க, நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம்தான். துருப்பிடிக்காத எஃகுக் கீல், எஃகுத் திருகு மாற்றி, உலோகத்தோடு உலோகம் படாதபடி நைலான் வாஷர் கொடுங்கள். உப்புப் படிவை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி: பழைய ஃபைபர் கதவைத் தொட்டால் கை அரிக்கிறதே?

பதில்: வெயில் மேல்பூச்சைத் தின்று கண்ணாடி இழை வெளியே வந்துவிட்டது. வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையும் முகமூடியும் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் காயவைத்துப் பெயின்ட் அடித்தால் அரிப்பு நிற்கும்.