வாசகர் கேள்வி – பதில்: பாரிஸ் சுவரொட்டிகளும் அவற்றைச் சேர்த்தவர்களும்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மக்கள் தெருச் சுவரொட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள் என்று படித்தேன். மழையில் நனைந்து, மறுவாரமே வேறொன்றால் மூடப்படும் விளம்பரத் தாளுக்கு அப்படி என்ன மதிப்பு?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அத்தாள்கள் அச்சான முறையைத் தெரிந்துகொண்டால் அவற்றின் மதிப்பும் விளங்கிவிடும். கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று சேராது என்ற எளிய உண்மையை வைத்து 1790களின் இறுதியில் பவேரியாவில் செனஃபெல்டர் உருவாக்கியது கல் அச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த மையால் படம் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மை உருளையை ஓட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடம் அதை ஏற்காது. ஆகவே ஓவியரின் கை வேகமும் அழுத்தமும் அப்படியே தாளில் இறங்கும். வண்ணத்துக்கு ஒரு கல் என்பதால் செலவு மிகுந்த வேலை அது. லண்டனில் தொழில் கற்றுத் திரும்பி 1866இல் பாரிஸில் அச்சகம் தொடங்கிய ஜூல் ஷெரே, மூன்று நான்கு கற்களைக் கொண்டே, தூரிகையிலிருந்து மையைத் தெளித்து நிழலும் ஒளியும் காட்டி, முழு வண்ணச் சுவரொட்டிகளைப் பெரிய அளவில் அச்சிட்டார். 1881 ஜூலை 29ஆம் நாள் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டி ஒட்டுவதற்கு இருந்த தடைகளைப் பெரிதும் தளர்த்தவே, நகரமே ஓவியக் கூடம்போல ஆயிற்று.

1891இல் துலூஸ்-லோத்ரெக் மூலேன் ரூஜ் நடன அரங்குக்காக வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள். முன்னே சாம்பல் நிறத்தில் ஒல்லியான ஆடவர் ஒருவரின் பக்கத் தோற்றம், நடுவில் காலைத் தூக்கி ஆடும் பெண், பின்னே வெறும் கருநிழலாகக் கூட்டம். அப்பெண்ணின் பாவாடை வெண்மையாகத் தெரிகிறதே, அங்கே மை எதுவும் இல்லை, தாளையே விட்டுவைத்திருக்கிறார். ஆள் உயரத் தாளில் இவ்வளவு துணிவாக வரையப்பட்ட ஒன்றைத் தெருவில் பார்த்தவர்களுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றியதில் வியப்பில்லை. 1895 புத்தாண்டு நாளில், நடிகை சாரா பெர்னார்ட்டின் நாடகத்துக்காக முக்கா வரைந்த நெடிய சுவரொட்டி வெளிவந்தபோது இந்த மோகம் உச்சத்துக்குப் போனது.

ஒட்டுபவருக்குக் கையூட்டுக் கொடுத்து வாங்கியவர்களும், பசை காயும் முன்னே இரவில் உரித்துச் சென்றவர்களும் உண்டு. எட்மோந் சாகோ என்ற வணிகர் 1891இல் சுவரொட்டிகளுக்கென்றே விலைப்பட்டியல் வெளியிட்டார். அச்சகங்களும் சேகரிப்பாளர்களுக்காக, எழுத்துகள் சேர்க்கும் முன்னரே சில படிகளை நல்ல தாளில் எடுத்து வைத்தன. உரித்தவர்களைச் சிலர் குறை சொல்வதுண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சுவரிலேயே விடப்பட்டவை அழிந்தன. இன்று அருங்காட்சியகங்களில் நாம் காண்பவற்றில் பெரும்பங்கு இப்படிச் சேர்த்தவர்கள் கைபட்டுத் தப்பியவை.

கேள்வி: ஜார்ஜ் டவுன் பழம்பொருள் கடை ஒன்றில் ஷெரேயின் படம் கிடைக்கிறது. நீளம் ஒன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். கீழ் ஓரத்தில் ஓர் எண்ணும், மூலையில் மையில்லாமல் அழுத்திய முத்திரையும் உள்ளன. அசல் சுவரொட்டி என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? வாங்கினால் பினாங்கு ஈரத்தில் எப்படிக் காப்பது?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது தெருவில் ஒட்டுவதற்காக அச்சானதன்று, 'லே மேத்ர் த லஃபிஷ்' வரிசையைச் சேர்ந்த தாளாக இருக்க வேண்டும். 1895 முதல் 1900 வரை, பெரிய சுவரொட்டிகளைச் சிறிதாக்கி, மாதந்தோறும் நான்கு தாள்களாகச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். சிறப்புத் தாள்களையும் சேர்த்து மொத்தம் 256. சுவரொட்டிகளை வைக்க இடமில்லாத ரசிகர்களுக்காக அக்காலத்திலேயே கல் அச்சில் தயாரானவை என்பதால், அவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் சுவரொட்டியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அம்மா.

பிற்கால மறுபதிப்பா என்று அறிய, நகைக்கடையில் பயன்படுத்தும் லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒரே ஒழுங்கில் வரிசையாக நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் எடுத்த நகல். கல் அச்சில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, சுண்ணாம்பைத் தெளித்ததுபோலச் சிதறிக் கிடக்கும். பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் பழைய லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கும் இச்சோதனை பொருந்தும். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும் கல் அச்சகமே.

காப்பதைப் பொறுத்தவரை, லேமினேட் செய்யவே கூடாது, செல்லோடேப்பும் ஆகாது. அமிலமில்லாத அட்டையில் வைத்து, கண்ணாடியைத் தாள் தொடாதபடி சட்டமிட்டு, வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். கடல்பக்கச் சுவரும் சமையலறைச் சுவரும் வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை சட்டத்தை இறக்கிப் பின்புறத்தில் பூஞ்சணமோ வெள்ளிப்பூச்சியோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் நீங்களே துடைக்காமல், காகிதப் பழுதுபார்ப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.